நன்னடத்தை விசாரணை

ஏட்டு கஜபதிக்கு டீ போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பூங்காவனம் அடுப்படிக்குள் வந்துவிட்டாளே ஒழிய, வந்து இவ்வளவு நேரமாகியும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. பால் பாத்திரம் அடுப்பின் மேல் இருந்தது, லைட்டர் கையில் இருந்தது, கை மட்டும் அவள் சொன்னபடி கேட்கவில்லை. சித்திரை வெயிலில், மேலே சிமெண்ட் ஷீட் தகிக்கிற பதினொரு மணிக்கு, ஒரு மனுஷிக்கு உள்ளங்கை சில்லிட்டுப் போகுமா என்றால், போகும். கூடத்தில் போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தால் போகும். அவர் காக்கி உடுத்தி வரவில்லை, கோடு போட்ட அரைக்கைச் சட்டையும் செருப்புமாகத்தான் வந்திருந்தார், வாசலில் வண்டியை நிறுத்தும்போது கோழிக்கு வழிவிட்டு ஓரமாகத்தான் நிறுத்தினார், நல்ல மனிதர்தான் போலிருக்கிறது, இருந்தாலும் போலீஸ் போலீஸ்தான். மகன் பரணிதரன் பட்டாளத்தில் ஆபீசராகச் சேரப்போகிறான். சேருவதற்கு முன்னால் அவன் எப்படிப்பட்ட பிள்ளை, அவன் பேரில் வழக்கு வில்லங்கம் உண்டா என்று விசாரித்து மேலே எழுதி அனுப்பவேண்டும். அதற்குத்தான் வந்திருக்கிறார். விசாரணை நல்லபடியாக முடிந்தால் பிள்ளை சீக்கிரமே பயிற்சிக்கு மெட்ராஸ் பரங்கிமலைக்குப் போய்விடுவான். முடியாவிட்டால் போகமாட்டான். முடியாமல் செய்வதற்கு ஒரு வழி இருந்தது. இந்த வீட்டில் பிள்ளையையும் அவளையும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. ஒரே ஒரு வரி. டீயைக் கொண்டுபோய் வைக்கும்போது சொல்லிவிடலாம். சொன்னால் பிள்ளை தங்குவான். ஆனால் சொன்னது அவள்தான் என்று தெரிந்தால், வீட்டில் தங்கின பிள்ளை அவள் முகத்தைப் பார்க்கமாட்டான். பார்க்காவிட்டால் போகிறான், கண்ணெதிரே நடமாடினால் போதாதா, என்று நினைத்தாள். உடனே, போதாது என்றும் நினைத்தாள். லைட்டரை அழுத்தினாள். பற்றவில்லை. இன்னொரு தரம் அழுத்தினாள், பற்றிக்கொண்டது.

கூடத்தில் அவள் புருஷன் தாண்டவராயன் ஆரம்பித்துவிட்டார். அவருக்கு ஆள் கிடைத்தால் போதும், ஆளுக்கு மீசை இருந்தால் இன்னும் விசேஷம். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு நாயக் ரேங்கோடு இறங்கினவர், இறங்கி இத்தனை காலம் ஆகியும் குரல் மட்டும் இன்னும் மைதானத்திலேயே நிற்கிறது. 'ஏட்டய்யா, பத்தாவது முடிச்சிட்டு ஓடிப்போயி கிரவுண்டுல நின்னவன் நானு. ஓடச் சொன்னான் ஓடுனேன், நெஞ்ச அளந்தான், ரயில் ஏத்திட்டான். எனக்குக் கையில ரெண்டு பட்டை ஏறவே அத்தினி வருஷம் ஆச்சு. எம்புள்ளைக்கு ஒரு வருஷம் டிரெய்னிங்கு, வெளிய வர்றப்பவே தோள்ல ரெண்டு நட்சத்திரம். வித்தியாசம் இன்னா சொல்லுங்க. காலேஜு. வேற ஒண்ணும் கெடையாது. ஓடறதுல இப்பக்கூட நான் அவனத் தோக்கடிப்பேன்.' தோற்கடிப்பாராம், முட்டிக்குத் தைலம் தேய்க்காமல் மாடிப்படி ஏறமுடியாத மனிதர். இப்படிப் பேசிப் பேசித்தானே, என்று பூங்காவனம் இஞ்சியை எடுத்து அம்மிக்குழவியால் ஒரு போடு போட்டாள், இஞ்சி தெறித்துச் சிங்குக்குள் விழுந்தது. ஏட்டு என்னவோ கேட்டார். மெதுவாகப் பேசுகிறவர், காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்கவேண்டியிருந்தது. வழக்கைப் பற்றிக் கேட்கிறாரோ, அதற்குள்ளே ஆரம்பித்துவிட்டாரோ என்று குழவியைக் கீழே வைக்காமல் கேட்டாள். இல்லை. அவருடைய மகளைப் பற்றி. 'பொண்ணு பன்னெண்டாவது எழுதியிருக்குது. பட்டாளத்துக்குத்தான் போவேன்னு ஒரே அடம். இப்பவே ஆள் எடுக்கறப்ப அனுப்பிடலாமா, இல்ல காலேஜ் முடிக்கட்டுமான்னு ஒரு கொழப்பம்.' ஐயோ, கேட்டாரே கேள்வி, கேட்கக்கூடாத ஆளிடம்.

'காலேஜ்ல போடுங்க,' என்றார் தாண்டவராயன், மேசையில் தட்டின சத்தம் அடுப்படிக்குக் கேட்டது. 'கண்ண மூடிகினு போடுங்க. ஆனா என்.சி.சி. இருக்கிற காலேஜா பாருங்க. டிகிரியும் ஆச்சு, அந்த சி சர்ட்டிபிகேட்டும் கையில வந்துச்சுன்னா எழுத்துப் பரீட்சைகூட எழுத வேணாம், நேரா இன்டர்வியூதான். அஞ்சு நாளு வச்சுப் பாப்பான். ஒரு படத்தக் காட்டிக் கதை எழுதுன்னுவான், பத்துப் பேரு நடுவுல உக்காரவச்சுப் பேசுன்னுவான். காலேஜுக்குப் போயி நாலு பேரு முன்னாடி வாயத் தொறந்தவந்தான் அங்க நிக்க முடியும். சிப்பாயா போனாக்கூட டிகிரி வீணா போவாது. எங்க கம்பெனில பி.ஏ. படிச்சவன் ஒருத்தன் இருந்தான், அவன வாத்தியார் வேலைக்கு எடுத்துகினு நேரா ஹவில்தார் ஆக்கிட்டான். நாங்க பள்ளம் தோண்டிகினு இருப்போம், அவன் போர்டுல எழுதிகினு இருப்பான்.' போர்டில் எழுதிக்கொண்டிருப்பான். அதைத்தானே அவளும் விரும்பினாள். வெளி மைதானத்தில் வேண்டாம், எங்கேயாவது ஒரு போர்டு முன்னால் நின்று எழுதிக்கொண்டிருக்கட்டும், மேலே ஒரு மின்விசிறி சுற்றட்டும், சாயங்காலம் பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வரட்டும். இவ்வளவுதான் கேட்டாள். இதற்காகத்தான் அவள் அன்றைக்குப் புருஷனோடு அப்படி மல்லுக்கு நின்றாள். பரணி பன்னிரண்டாவது முடித்த வருஷம் வேலூரில் ஆள் எடுத்தார்கள். அவர் பிள்ளையை ஏரிக்கரையில் விடியற்காலையில் ஓடவிட்டுத் தயார் பண்ணி வைத்திருந்தார். அவள் ஒரே பிடியாகப் பிடித்தாள். படிக்கட்டும். மூன்று வருஷம் படிக்கட்டும். அவரோடு பேச்சை நிறுத்தினாள், சோற்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள், உப்பு வேண்டுமென்றால் அவரே எழுந்துபோய் எடுத்துக்கொள்ளவேண்டும். கடைசியில் அவர் இறங்கி வந்தார். ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். இந்த ஊரில் படிப்பு ஏறாதவன் பட்டாளத்துக்குப் போவான், ஏறினவன் பாங்குக்கோ பள்ளிக்கூடத்துக்கோ தாலுகா ஆபீசுக்கோ போவான், தெருத்தெருவாகப் பார்த்து வைத்திருந்தாள். பி.எஸ்சி. இயற்பியல். இயற்பியல் படித்தவனுக்குத் துப்பாக்கி எதற்கு என்று நினைத்தாள். காலேஜுக்குள்ளேயே அதே பட்டாளத்துக்கு இன்னொரு வாசல் இருக்கிறது, அது உயரமான வாசல், அதில் நுழைகிறவனை முன்னால் நிறுத்துவார்கள் என்று யாராவது ஒருவர் அவளுக்குச் சொல்லியிருக்கலாம். எல்லாம் தெரிந்த தாண்டவராயன்கூட அன்றைக்குச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கே அன்றைக்குத் தெரியுமோ என்னவோ.

பால் ஓரத்தில் சின்னதாக முணுமுணுக்க ஆரம்பித்தது. தண்ணீர் ஊற்றவில்லை என்று அப்போதுதான் நினைவு வந்து ஒரு தம்ளர் ஊற்றினாள், முணுமுணுப்பு அடங்கியது. நல்லது, இன்னும் கொஞ்சம் நேரம் கிடைத்தது. பூரி கிழங்கு, என்று அவள் மனம் சம்பந்தமில்லாமல் சொன்னது. சம்பந்தமில்லாமல் என்ன, அதுதானே ஆரம்பம். என்.சி.சி.யில் ஏன்டா சேர்ந்தாய் என்று கேட்டதற்குப் பரணி, பரேடு முடிந்தால் பூரி கிழங்கு கொடுப்பார்கள் அம்மா, சில நாள் பரோட்டாவும் வரும் என்றான். அவளுக்கும் சந்தோஷம்தான். காலையில் பழையதைக் குடித்துவிட்டு ஓடுகிற பிள்ளை, மத்தியானம்வரை தாங்கவேண்டாமா. அந்தக் காக்கிச் சட்டைக்கு அவளே கஞ்சி போட்டாள். விறைப்பு போதவில்லை என்று அவன் முகம் சுளித்தால் மறுபடி வடிகஞ்சி பிடித்து முக்கி எடுத்தாள். கால்சட்டையின் மடிப்பு கத்திமாதிரி நிற்கவேண்டும் என்று ஈரத்துணியைப் போட்டுத் தேய்த்தாள். இந்தக் கைதான். வேறு யார் கையும் இல்லை. மகனைத் தைத்துத் தேய்த்து மடித்து அனுப்பினது இந்தக் கைதான், இப்போது லைட்டரைப் பிடிக்க நடுங்குகிறதாம். நேற்று முடி வெட்டிக்கொண்டு வந்தான். ஒட்ட வெட்டியிருந்தான். குனிந்து செருப்பைக் கழற்றும்போது பின்னங்கழுத்து தெரிந்தது, வெயில் படாத இடம், வெளுப்பாக, சின்ன வயதில் வேர்க்குருவுக்குப் பவுடர் போடுவாளே அந்த இடம். அதைப் பார்த்ததிலிருந்துதான் அவளுக்கு இப்படி இருக்கிறது. இல்லை, அதற்கும் முன்னாலிருந்தே. அந்த மழை நாளிலிருந்து.

அந்த மழை நாளை நினைக்கவேண்டாம் என்று டீத்தூள் டப்பாவைத் திறந்தாள். திறந்ததும் அதே நினைவுதான் வந்தது, என்ன செய்வது. பரணி அப்போது பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தான், நாலாவதோ அஞ்சாவதோ. வெளியே விடாமல் மழை. தாண்டவராயனுக்கு முட்டி வலி, பாயில் காலை நீட்டிப் படுத்திருந்தார், அவள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் குடிக்கவில்லை அன்றைக்கு. குடித்திருந்தால் கதை பெரிதாக வந்திருக்கும், குடிக்காததால் நாலு வரியில் வந்தது. 'ஒரு லெப்டினன்ட் சாப் இருந்தான். கணக்குல எம்.எஸ்சி. படிச்சவன். மீசகூட ஒழுங்கா மொளைக்கல. சிகரெட் அட்டை பின்னால கணக்குப் போட்டுக் காட்டுவான் எங்களுக்கு, எங்களுக்கு இன்னா புரியும். ஒருநாளு ஒரு வீட்டுக்குள்ள போவணும். உள்ள ஆளு இருக்குதுன்னு தெரியும். நான் போறேன் சாப்னு எங்காளு ஒருத்தன் சொன்னான். இல்ல, மொதல்ல போறது என் வேலைன்னான். அதுக்குத்தான் என்ன அனுப்பியிருக்காங்கன்னான்.' அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டே, அப்புறம் என்றாள். 'அப்புறம் இன்னா. நாங்க அத்தினி பேரும் திரும்பி வந்துட்டோம்.' அவ்வளவுதான். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. ஊரில் எத்தனையோ கதை சொன்னார், பனியில் நடந்த கதை, கழுதைமேல் மாவு மூட்டை ஏற்றின கதை, ராணுவக் காண்டீன் கதை. இந்தக் கதையை மட்டும் வெளியே எடுக்கவேயில்லை. அவளுக்குத்தான் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எம்.எஸ்சி. கணக்கு. பி.எஸ்சி. இயற்பியல். படித்தவன் முன்னால் போவான். படிக்காதவன் பின்னால் வந்து, திரும்பி வந்து, கல்யாணம் பண்ணின பெண்டாட்டியிடம் தைலம் தேய்த்துக்கொள்வான். அப்படியானால் அவள் என்ன செய்திருக்கிறாள்? பன்னிரண்டாவதோடு விட்டிருந்தால் பின்னால் நடக்கிற ஆளாகவாவது போயிருப்பானே. இவள்தான் மூன்று வருஷம் கஞ்சி போட்டு, அவனை அந்த வீட்டு வாசல்வரை கொண்டுபோய் முதல் ஆளாக நிறுத்தியிருக்கிறாள். முன்னால் போகிறவர்கள் எல்லோருமா சாகிறார்கள், பென்ஷன் வாங்குகிற கர்னல்கள் இல்லையா, வேலூரில் இரண்டு பேரை அவளே பார்த்திருக்கிறாள், கைத்தடியோடு நடைப்பயிற்சி போகிறார்கள், என்று புத்தி சொன்னது. புத்தி சொன்னதைக் கழுத்து கேட்கவில்லை. அந்த வெளுத்த கழுத்து. வீடு எப்படி இருக்கும், ஓட்டு வீடா, கதவு சாத்தியிருக்குமா, கதவைக் காலால் தள்ளுவானா கையால் தள்ளுவானா. செருப்பைக் கழற்றாமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழையாத பிள்ளை. டீத்தூள் தரையில் கொட்டியிருந்தது. எப்போது கொட்டினோம் என்று தெரியவில்லை.

பரணி தேர்வாகிவிட்டான் என்று தெரிந்த அன்று தாண்டவராயன் தெரு பூராவும் லட்டு கொடுத்தார். பத்தாயிரம் வாலா வெடித்தார். முன்னாள் ராணுவத்தார் சங்கத்தில் நடுவில் உட்கார்ந்து, என் பிள்ளை வந்தால் நானே எழுந்து சல்யூட் அடிப்பேன் என்றாராம். அவள் வெடிப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். எல்லாவற்றையும் மறந்துவிட்டாரா இந்த மனிதர்? அந்தச் சிகரெட் அட்டையை மறந்துவிட்டாரா? ஒருவேளை அந்தக் கதையே அவளாகக் கனவு கண்டதா? கேட்டுவிடலாம் என்று பலதரம் வாய்வரை வந்தது. கேட்டால், 'சுபகாரியத்துல இன்னாத்துக்கும்மே அபசகுனமா பேசற' என்பார். கேட்டுவிட்டால் அது நிஜமாகிவிடும் என்றும் ஒரு பயம். அதனால் கேட்கவில்லை. அவர்மேல் அவளுக்கு இருந்த கோபம் இன்னதென்று சொல்லமுடியாத கோபம். குழம்பில் உப்பு கூடிப்போனால்கூட அந்தக் கோபம்தான். இப்போதும் பாரேன், ஏட்டுக்கு ஆல்பத்தைக் காட்ட ஆரம்பித்தாயிற்று, காலேஜில் பிள்ளை கொடி பிடித்து நடக்கிற படம். ஏட்டு, 'நல்ல பர்சனாலிட்டி' என்கிறார். நல்ல உயரம்தான். உயரமாக இருந்தால் தூரத்திலிருந்தே தெரியுமே, என்று நினைத்தாள். சே, என்ன நினைப்பு இது, தாய் நினைக்கிற நினைப்பா. வாயைக் கழுவவேண்டும் என்று குழாயைத் திறந்து உண்மையாகவே வாயைக் கொப்பளித்தாள்.

சரி, அந்த ஒரு வரி, மண்டபம். மண்டபத்துக்கு வா, என்று தன்னையே இழுத்துக்கொண்டாள். பால் இன்னும் பொங்கவில்லை, அதற்குள் யோசித்து முடிக்கவேண்டும். காலேஜில் இரண்டாவது வருஷம். காலேஜ் நிறுத்தத்தில் பஸ் நிற்பதில்லை என்று பிள்ளைகள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வந்து வேனில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துவிட்டது. அதில் பரணியும் ஒருவன். 'அம்மா, சாயங்காலம் விட்டுடுவாங்க. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத' என்று யாருடைய போனிலிருந்தோ பேசினான். பின்னால் சத்தமும் சிரிப்புமாகக் கேட்டது. வீட்டுக்கு வந்தபிறகு சொன்னான், முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்து மேடையில் அப்படியே இருந்ததாம், மணமகன் பேர் மணமகள் பேர் எல்லாம், அதற்குக் கீழேயே படுத்துத் தூங்கினார்களாம், மத்தியானம் லெமன் சாதப் பொட்டலம் கொடுத்தார்களாம். அவனுக்குச் சிரிப்பு. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. போலீஸில் பேர் ஏறிவிட்டால் அப்புறம் அரசாங்க உத்தியோகமே கிடையாது, இது யார் சொன்னது என்று அவளுக்குத் தெரியாது, பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. அன்றைக்கே கெங்கையம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். தாயே, எம் புள்ள பேரு எந்தப் பொஸ்தகத்திலும் ஏறியிருக்கக்கூடாது, மாவிளக்குப் போடறேன். போட்டாள். அவரிடம் வேறு ஏதோ வேண்டுதல் என்று பொய் சொல்லிவிட்டுப் போட்டாள். இப்போது அதே அம்மனிடம் அதே வாயால் என்ன கேட்கிறாள்? தாயே, பேர் ஏறியிருக்கட்டும். ஒரு ஓரத்திலாவது, சின்ன எழுத்திலாவது ஏறியிருக்கட்டும். மாவிளக்கு வாங்கிக்கொண்ட அம்மன் சிரிக்கமாட்டாளா. சிரிக்கட்டும், சிரித்துவிட்டுக் கொடுக்கட்டும்.

எப்படிச் சொல்வது? 'ஒருவாட்டி மண்டபத்துல வச்சிருந்தாங்க.' யாரை, எதற்கு என்று கேட்பார். 'பையன போலீஸ் புடிச்சிகினு போச்சு.' அது ரொம்பப் பெரிதாக இருக்கிறது, திருடன்மாதிரி. 'மறியல் பண்ணான்.' அது சின்னதாக இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடுவார். பெரிதாகவும் இல்லாமல் சின்னதாகவும் இல்லாமல், பட்டாளம் வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு மட்டும், ஆனால் நாளைக்கு ஒரு பாங்கு உத்தியோகத்துக்குத் தடங்கல் வராத அளவுக்கு. அப்படி ஒரு வார்த்தை இருக்கிறதா? அப்புறம் அவன் வந்து கேட்பான், யாரும்மா சொன்னது என்று. ஏட்டே கண்டுபிடித்துவிட்டார் என்று சொல்லிவிடலாம். கூடத்தில் அப்பா இருந்தாரே. அப்பா சொல்லிவிடுவார். அவர் அவளை அடித்ததில்லை, இன்றைக்கு அடிப்பார். அடிக்கட்டும், அடித்தால் வலிக்கும், வலி இரண்டு நாளில் போகும். ஆனால் அவன் அழுவானே. தேர்வான அன்று போனில் பேசமுடியாமல், அம்மா, அம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தானே, அந்தக் குரல். இன்டர்வியூ நடந்த அந்த அஞ்சு நாளும் என்னென்னவோ கேட்டார்களாம், நான் காலேஜில் படித்த ஒவ்வொன்றும் உதவிச்சும்மா என்றான், மண்டபத்தில் பசங்களை அடக்கிவைத்ததுகூட உதவிச்சு என்றான். அவன் ஆசைப்பட்டு வாங்கினதை அவள் பிடுங்கி எறியப்போகிறாள். சொல்லாமல் இருந்துவிட்டால்? சொல்லாமல் இருந்துவிட்டு, நாளைக்கு வாசலில் ஒரு வண்டி வந்து நின்று, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு பேர் இறங்கினால்? அன்றைக்கு, ஒரு வரியில் நிறுத்தியிருக்கலாமே என்று எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது? சொல். சொல்லாதே. சொன்னால் உயிரோடு இருப்பான், பேசமாட்டான். சொல்லாவிட்டால் பேசுவான், வாரம் ஒருநாள் போனில், சிக்னல் இருந்தால். மண்டபம். மண்டபம். வார்த்தையே அர்த்தம் போய் வெறும் சத்தமாகிவிட்டது. அடுப்பில் சுர்ரென்றது. பால் பொங்கி வழிந்து பர்னரில் இறங்கி, தீ ஒரு பக்கம் அணைந்து, கருகின வாடை அடித்தது. 'இன்னாம்மே, டீத்தூளு அஸ்ஸாம்லேந்து வருதா?' என்று கூடத்திலிருந்து தாண்டவராயன் சத்தம் போட்டார். ஏட்டு சிரித்தார். அவள் மிச்சப் பாலில் தூளைப் போட்டு, சர்க்கரை போட்டு, வடிகட்டி, இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றினாள். தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

ஏட்டு கஜபதி ஒரு வாய் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று மரியாதைக்குச் சொன்னார். கருகல் வாடை வீடு பூராவும் அடித்தது. மடியில் இருந்த காகிதத்தில் கிட்டத்தட்ட எல்லாம் எழுதி முடித்திருந்தார். பேனாவை மூடப்போனவர், என்னவோ தோன்றி நிமிர்ந்து பார்த்தார்.

'நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. பெத்தவங்க நீங்க. பையன் எப்படி?'

'எம்புள்ள நல்லவன்,' என்றாள் பூங்காவனம். 'ஆனா ஒருவாட்டி போலீஸ்ல புடிச்சி மண்டபத்துல வச்சிருந்தாங்க. காலேஜ்ல. பஸ் மறியல்ல. ஒரு பகல் பூரா.'

தாண்டவராயன் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஏட்டின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா காகிதத்துக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நின்றது. எழுது, எழுது, என்று உள்ளே ஒருத்தி கெஞ்சினாள். ஐயோ எழுதிவிடாதே என்று இன்னொருத்தி அலறினாள்.

ஏட்டு சிரித்துவிட்டார். 'இதுக்காம்மா இப்படி வேர்த்துப் போயி நிக்கறீங்க? ஸ்டேஷன்ல பாத்துட்டுத்தான் வந்தேன். கேசே போடல. சாயங்காலம் விட்டுட்டா அதோட சரி, அன்னிக்கிப் பேரு எழுதுன காயிதம்கூட இப்ப இருக்குதோ என்னவோ. காலேஜ் படிக்கிற பசங்க இதுகூடப் பண்ணலன்னா எப்படி? எங்க எஸ்.ஐ.யே படிக்கிற காலத்துல மண்டபத்துல இருந்தவருதான். இதெல்லாம் எழுதவே வேண்டியதில்ல.' பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது. சொல்லியும் ஆயிற்று, ஒன்றும் ஆகவும் இல்லை. இனி புருஷன் அடிப்பார், ஏட்டு படியிறங்கட்டும் என்று காத்திருக்கிறார், என்று நினைத்தாள். அப்போதுதான் தாண்டவராயன் பேசினார். மைதானத்துக் குரல் இல்லை அது.

'நல்லா பாத்தீங்களா ஏட்டய்யா? எங்கனா எழுதி வச்சிருக்கப் போறாங்க.'

'இல்ல நாயக் சார், பாத்துட்டேன்.'

'வேற ஸ்டேஷன்ல இருக்கலாம் இல்ல? அந்த மண்டபம் எந்த ஸ்டேஷன்ல வருதோ. இன்னொருவாட்டி பாத்துடுங்களேன். ஒண்ணும் அவசரமில்ல.'

'பயப்படாதீங்க சார்,' என்றார் ஏட்டு, அவர் தோளில் கைவைத்து. 'உங்க பையனுக்கு என்னால ஒரு கெடுதலும் வராது. நாளைக்கே மேல அனுப்பிடறேன்.'

பயந்தவன் குரல்தான் அது, ஏட்டு சரியாகத்தான் கண்டுபிடித்தார். எதற்குப் பயந்த குரல் என்பதில்தான் அவருக்குத் தப்பிப்போயிற்று. பூங்காவனத்துக்குத் தப்பவில்லை. அந்தக் குரலை அவள் ஒரே ஒருதரம், அந்த மழை நாளில் கேட்டிருக்கிறாள். புருஷனுடைய தம்ளர் தொடாமல் இருந்தது, ஆடை கட்டியிருந்தது. ஏட்டு மகளுடைய காலேஜ் விஷயமாக மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். தாண்டவராயன் எழுந்து வாசல்வரை போய் வழியனுப்பினார், வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றார், உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பகல் வேளையில் அந்த வீட்டுக் கதவைச் சாத்துகிற வழக்கமே இல்லை. அவள் அடிக்குக் காத்திருந்தாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தாள். ஆல்பத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தவர், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடப்போகிறதென்று பயந்தவராகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

'வேற எதுனா இருக்குதாம்மே? யோசிச்சுப் பாரு.'

அவள் யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் யாரையாவது அடித்தானா, அடிக்கவில்லை. கடையில் எதையாவது எடுத்தானா, ஒருதரம் கூடுதலாக வந்த சில்லறையைத் திருப்பிக் கொடுக்க வெயிலில் நடந்து போனான். பெண் விவகாரம், குடி, சீட்டு, வாய்த் தகராறு. கண்ணில் ஏதாவது கோளாறு இருக்குமா என்றார் அவர், சின்ன வயதில் ஒரு பந்து பட்டதே. அதெல்லாம் டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள் என்றாள் அவள். பாதம் தட்டையோ என்றார். இல்லை. ஒரு தேங்காய் திருடினானே, என்று அவள் சட்டென்று சொன்னாள், சொன்ன வேகத்திலேயே, அது இவன் இல்லை, எதிர்வீட்டுப் பிள்ளை என்று நினைவு வந்தது. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சாத்தின கதவுக்குள் உட்கார்ந்து, பிறந்த நாள் முதல் நேற்று முடி வெட்டிக்கொண்ட வரைக்கும் பிள்ளையின் வாழ்க்கையைப் புரட்டிப் புரட்டித் தேடினார்கள். ஒரு குற்றமும் அகப்படவில்லை. அப்படி வளர்த்திருந்தார்கள்.